போர்க்காலத்தில் துப்புச் சொன்ன இளைஞனுக்குத் தஞ்சம் கொடுக்கலாமா?

சொந்தத் தரப்பைப் பற்றி எதிரிக்குத் துப்புச் சொன்ன ஓர் இளைஞன், பிறகு இன்னொரு நாட்டில் போய் அகதித் தஞ்சம் கேட்டால் கொடுக்கலாமா என்பது கேள்வி. "துரோகிக்கு எதற்குப் பாதுகாப்பு?" என்று கேட்டவரே கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறார்.

கொடுக்க வேண்டும் என்பதுதான் என் பதில். ஆனால் அந்த 'துரோகி' என்ற சொல்லோடு மல்லுக்கட்ட நான் வரவில்லை. நடைமுறையில் இவர்களுக்குத் தஞ்சம் கிடைக்காமல் போவது துரோகி என்பதால் அல்ல, வேறு காரணத்தால். நான் வக்கீல் அல்ல. கலிஃபோர்னியாவில் சில ஆண்டுகளாகக் குடிவரவு வழக்குகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளனாகப் பகுதிநேர வேலை பார்க்கிறேன். அங்கே உட்கார்ந்து பார்த்ததும் படித்ததும்தான் இது.

எல்லாருக்கும் தெரிந்த வழக்கிலிருந்து தொடங்குகிறேன். மொசாப் ஹசன் யூசுஃப், ரமல்லாக்காரர், 1978-இல் பிறந்தவர். அப்பா ஷேக் ஹசன் யூசுஃப், பாலஸ்தீன ஆயுத இயக்கமான ஹமாஸைத் தொடங்கியவர்களில் ஒருவர், மேற்குக் கரையில் அதன் பெரிய தலைவர். 1996-இல் இஸ்ரேலியர்கள் மொசாபைப் பிடித்தபோது வயது 18. உளவுத்துறையான ஷின் பெட், "எங்களுக்கு வேலை செய்கிறாயா?" என்று கேட்டது. ஒப்புக்கொள்வதுபோல் நடித்து இரட்டை வேடம் போடலாம் என்றுதான் முதலில் நினைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். சிறைக்குள் ஹமாஸ் ஆட்கள், உளவாளி என்று சந்தேகப்பட்ட சக கைதிகளையே சித்திரவதை செய்ததைக் கண்ட பிறகு மனம் மாறியது என்கிறார். 1997 முதல் பத்து ஆண்டு, இரண்டாவது இன்டிஃபாடா என்ற பாலஸ்தீன எழுச்சியின் நடுவே, இஸ்ரேலுக்குத் தகவல் கொடுத்தார். தற்கொலைத் தாக்குதல்கள் சிலவற்றை அந்தத் தகவல்கள் தடுத்தன என்று அவரும் சொல்கிறார், அவரைக் கையாண்ட அதிகாரியும் சொல்கிறார்.

2007-இல் அமெரிக்கா போய்த் தஞ்சம் கேட்டார். 2009 பிப்ரவரியில் நிராகரித்தார்கள். காரணம்தான் வேடிக்கை: பயங்கரவாத அமைப்புக்குப் 'பொருளுதவி' செய்தவராம். ஹமாஸுக்குள் இருந்தபடி ஹமாஸை உளவு பார்த்தவன் ஹமாஸ்காரன் போலத்தானே நடந்துகொள்ள வேண்டும்? பிறகு 2010-இல் அவர் வெளியிட்ட சுயசரிதையில் ஹமாஸ் ஆட்களுக்கு உதவியதாக எழுதிய பகுதிகளையே எடுத்து, உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அவருக்கு எதிராக வைத்தது.

பொருளுதவி என்ற இந்தச் சட்டப்பிரிவை 2001-க்குப் பிறகு ரொம்பவே அகலமாக்கிவிட்டார்கள். சாப்பாடு போட்டது, வண்டியில் ஏற்றிப் போனது, சிறு தொகை கொடுத்தது எல்லாம் அதற்குள் வரும். துப்பாக்கி முனையில் வாங்கினார்கள் என்றாலும் தப்ப முடியாது. இது நம்மவர்களையும் தொட்ட விஷயம். கட்டாயத்தின் பேரில்தான் புலிகளுக்கு உதவினேன் என்று ஓர் ஈழத்தமிழர் வாதிட்ட வழக்கில், கட்டாயம் என்ற விலக்கு சட்டத்தில் இல்லை என்று 2012-இல், கலிஃபோர்னியா உள்ளிட்ட மேற்கு மாநிலங்களுக்கான ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசாங்கமாகப் பார்த்து விலக்கு அளித்தால்தான் உண்டு.

சரி, மொசாப் எப்படித் தப்பினார்? அவரைக் கையாண்ட ஷின் பெட் அதிகாரி கோனென் பென் இட்ஸாக், தன் சொந்தப் பெயரோடு வெளியே வந்து, சாட்சி சொல்ல அமெரிக்காவுக்கே போனார். தன் நாட்டில் வழக்கு வரலாம் என்று தெரிந்தே போனார். இஸ்ரேல் நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் ஆதரவுக் கடிதம் எழுதினார்கள். அமெரிக்க உளவுத்துறையின் முன்னாள் தலைவர் ஒருவரும் எழுதினார். 2010 ஜூன் 30 அன்று சான் டியாகோ குடிவரவு நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு எதிர்ப்பைக் கைவிட்டது. விசாரணை கால் மணி நேரத்தில் முடிந்தது. பின்னணிச் சோதனை முடிந்ததும் தஞ்சம் என்று நீதிபதி சொல்லிவிட்டார். அதே ஆண்டு மார்ச்சில், சிறையில் இருந்த அப்பா மகனைத் தலைமுழுகிவிட்டதாக அறிவித்திருந்தார்.

இன்று அவர் மேடைகளில் பேசுவதில் பெரும்பகுதி எனக்குப் பிடிக்காது, தன் மக்களைப் பற்றி அவர் பேசும் தொனி அறவே பிடிக்காது. அதற்காக 2010-இல் அவரை ரமல்லாவுக்குத் திருப்பி அனுப்பியிருக்கலாமா? உயிரோடு விட்டிருக்க மாட்டார்கள். தஞ்சம் என்பது பதக்கம் அல்லவே, நல்லவனா என்று பார்த்துக் கழுத்தில் மாட்ட.

ஆனால் பாருங்கள், அவரைக் காப்பாற்றியது புத்தகம், தொலைக்காட்சி, வாய் திறந்த ஓர் அதிகாரி. மற்றவர்களுக்கு? ரகசியமாகத் துப்புச் சொன்னவனிடம் சம்பளச் சீட்டு இருக்காது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அமெரிக்கப் படையிடம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர்களுக்கென்று தனி விசா திட்டங்கள் வந்தன. அதற்கே வேலை பார்த்த சான்றும் மேலதிகாரியின் கடிதமும் வேண்டியிருந்தது. இரவில் முகாம் வாசலுக்கு வந்து "அந்த வீட்டில் ஆயுதம் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போன பையனுக்கு யார் கடிதம் கொடுப்பார்கள்?

இதைவிடக் கொடுமையான ஒரு தீர்ப்பு உண்டு. கொலம்பியாவின் கலி நகரத்தில் ஒரு பேக்கரி உரிமையாளர், போதைப்பொருள் கும்பலைப் பற்றிக் காதில் விழுந்ததை அதிகாரிகளிடம் சொன்னார். பிறகு அமெரிக்காவுக்கு ஓடிவந்தார். 2006-இல் குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் மறுத்துவிட்டது. இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட சமூகக் குழு என்று ஐந்து காரணங்களில் ஒன்றுக்காகத் துன்புறுத்தப்பட்டால்தான் அகதி. துப்புச் சொல்பவர்கள் ஒரு 'சமூகக் குழு' ஆக மாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் வெளியே தெரிவதில்லை என்றது வாரியம்! வெளியே தெரிந்தால் உயிர் போகும், தெரியாவிட்டால் தஞ்சம் போகும். 2013-இல் இன்னொரு வழக்கில், கும்பலுக்கு எதிராகப் பகிரங்கமாகக் கூண்டேறிச் சாட்சி சொன்னவர்கள் அப்படி ஒரு குழுவாக இருக்கலாம் என்று ஒன்பதாவது வட்ட நீதிமன்றம் கொஞ்சம் கதவைத் திறந்தது. பகிரங்கமாகச் சொன்னவர்களுக்குத்தான் அதுவும்.

எதிர்ப்பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, அதை ஒதுக்க முடியாது. பிறரைத் துன்புறுத்த உதவியவருக்குத் தஞ்சம் இல்லை என்பதும் சட்டம். துப்புச் சொன்னதால் யாரோ பிடிபட்டு, அடிபட்டு, காணாமல் போயிருக்கலாம். கட்டாயத்தின் பேரில் செய்தால் அதற்கு விலக்கு உண்டா என்பது, எரித்திரியச் சிறைக்காவலர் ஒருவரின் வழக்கில் 2009-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. உச்ச நீதிமன்றம் முடிவு சொல்லாமல் கீழே திருப்பி அனுப்பிவிட்டது.

இந்தப் பிரிவைப் படிக்கும்போதெல்லாம் ஒருவரை நினைப்பேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியே எழுதுகிறேன். நான் தஞ்சாவூர்ப் பக்கம். 'தலையாட்டி' என்ற சொல்லை நாங்கள் பொம்மைக்குச் சொல்வோம். இலங்கையில் அதற்கு வேறு பொருள் என்று அவரைப் போன்றவர்களிடம்தான் கற்றேன். ராணுவம் ஊரைச் சுற்றிவளைத்து ஆண்களை வரிசையில் நிறுத்தும். கண்ணுக்கு மட்டும் ஓட்டை போட்ட சாக்கை மாட்டி ஒருவனை ஜீப்பில் உட்கார வைத்திருப்பார்கள். அவன் தலையை ஆட்டினால் அந்த ஆளை இழுத்துக்கொண்டு போவார்கள். எங்கள் இந்திய அமைதிப்படையும் இப்படிச் செய்தது என்று சொன்னபோது நான் தரையைப் பார்த்தேன்.

இவரை உட்கார வைத்தபோது பதினேழு வயது. இரண்டு நாள் அடித்துவிட்டு உட்கார வைத்தார்களாம். எத்தனை பேருக்கு ஆட்டினார் என்று வக்கீல் கேட்டார். "ஆட்டாமல் இருந்த ஆக்களைத்தான் எண்ணி வைச்சிருக்கிறன்" என்றார். பல ஆண்டுகள் இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஊர்க்காரர் விட மாட்டார்கள், சொல்லாவிட்டால் ஏன் ஊருக்குப் போக முடியாது என்று நீதிமன்றத்துக்குப் புரியாது.

விசாரணை நாளில், எல்லாச் சாட்சிகளுக்கும் சொல்வதையே நீதிபதி இவருக்கும் சொன்னார். எல்லாம் ஒலிப்பதிவு ஆவதால் சைகை கூடாது என்று. நீதிபதி சொன்னதை ஒரு சொல் விடாமல் சொல்வது என் வேலை. சொன்னேன்: "தலையாட்டக் கூடாது, வாயால் பதில் சொல்லுங்கள்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மைக்குக்கு அருகே குனிந்து, "சரி" என்றார்.