தலைதூக்கிய ஃபிரெட்டும் மாமாவின் சாண்டிங் மெஷினும்

(கிட்டார் பழுது பார்க்கும் பட்டறையிலிருந்து வாசகர் கேள்விகளுக்குப் பதில்)

கேள்வி: பழைய எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று வாங்கினேன். மூன்றாவது தந்தியை 8ஆவது ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) அழுத்தினால் காதருகே கொசு பறப்பதுபோல் ஓர் இரைச்சல் வருகிறது. 9ஆவதில் சுத்தமாக ஒலிக்கிறது. ஃபிரெட்டுகளைத் தேய்த்து மட்டமாக்கச் சொல்கிறார்கள். தச்சுவேலை செய்யும் என் மாமாவிடம் சாண்டிங் மெஷின் இருக்கிறது. வீட்டிலேயே செய்துவிடலாமா ஐயா?
– கல்லூரி மாணவர், ஈரோடு

பதில்: செய்யலாம் தம்பி. ஆனால் மெஷின் மாமாவிடமே இருக்கட்டும். புது ஃபிரெட்டின் உயரமே ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். கதவு இழைக்கிற மெஷினை அதன்மேல் வைத்தால், நீங்கள் சுவிட்சை அணைப்பதற்குள் பாதி ஃபிரெட் தூளாகியிருக்கும்.

உப்புத்தாளைக் கையில் எடுப்பதற்கும் இன்னும் நேரம் இருக்கிறது. 8இல் இரைகிறது, 9இல் இல்லை என்றால், 9ஆவது ஃபிரெட் தலைதூக்கி நிற்கிறது என்று பொருள். உறுதி செய்துகொள்ள உங்கள் ஏ.டி.எம். கார்டே போதும். அதன் குறுகிய பக்கத்தைச் செங்குத்தாகப் பிடித்து 8, 9, 10 மூன்றின் மீதும் வையுங்கள். மூன்றும் ஒரே மட்டமென்றால் கார்டு அசையாது. நடுவில் உள்ளது உயர்ந்திருந்தால், கால் சரியில்லாத நாற்காலிபோல் டக் டக்கென்று ஆடும். கழுத்தின் மேல்முனையில் ஃபிரெட்டுகள் தள்ளித் தள்ளி இருப்பதால் அங்கே கார்டின் நீளப் பக்கத்தைப் பயன்படுத்துங்கள்.

ஆடுகிறதா? அந்த ஃபிரெட்டின் இரு முனைகளையும் ஒரு மரக்குச்சியால் அழுத்திப் பாருங்கள். அசைந்தால் அது உயரமான ஃபிரெட் அல்ல, பள்ளத்திலிருந்து கிளம்பிவிட்ட ஃபிரெட். அடியில் ஒரு சொட்டு மெல்லிய சூப்பர் குளூவை விட்டு, மரக்கட்டை வைத்து அழுத்திப் பிடித்தால் வேலை முடிந்தது. பட்டறைக்கு வரும் கிட்டார்களில் இப்படித் தேய்க்காமலே திரும்பிப் போகிறவை உண்டு. எனக்குத்தான் கூலி குறைகிறது.

அடுத்தது கழுத்தின் வளைவு. முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் ஒரே தந்தியை அழுத்திக்கொண்டு, 7ஆவது ஃபிரெட்டுக்கும் தந்திக்கும் இடையே உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். கால் மில்லிமீட்டர் அளவுக்கு இருந்தால் நல்லது. இதற்கான ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), பைக் மெக்கானிக்குகள் டேப்பெட் வைக்கப் பயன்படுத்துவதே. உதிரிபாகக் கடையில் கிடைக்கும். இடைவெளியே இல்லையென்றால் கழுத்து பின்பக்கம் வளைந்திருக்கிறது. அதைச் சரிசெய்ய வேண்டியது கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராட் என்ற திருகு கம்பியில், கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாமல்.

இத்தனைக்குப் பிறகும் பல இடங்களில் கார்டு ஆடினால்தான் உப்புத்தாள். தந்திகளைக் கழற்றி, நீளமான இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்து, டிரஸ் ராடால் கழுத்தை நேராக்குங்கள். மரம் தெரியும் இடமெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். தந்தியின் அதிர்வை வாங்கும் பிக்கப்பையும் மூடிவிடுங்கள். அதற்குள் உலோகத் தூள் புகக் கூடாது. ஃபிரெட் ஒவ்வொன்றின் தலையிலும் மார்க்கர் மையைப் பூசுங்கள்.

தேய்க்கும் கட்டைக்கு ஜன்னல் வேலை செய்பவர்களிடம் அலுமினியச் சட்டத் துண்டு ஒன்று, கழுத்தின் நீளத்துக்கு, வாங்குங்கள். தடித்த கண்ணாடிமேல் வைத்து, அடியில் எங்கும் வெளிச்சம் தெரியவில்லை என்று பார்த்த பிறகே வீட்டுக்கு எடுத்து வாருங்கள். இதை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், என் முதல் கிட்டாரை நான் தேக்கு ரீப்பரால் தேய்த்தேன். ஐப்பசி மழையில் கிடந்த ரீப்பர். நடுவில் விசிட்டிங் கார்டு தடிமனுக்குப் புடைத்திருந்தது எனக்குத் தெரியவில்லை. கழுத்தின் நடுவில் அழகாக ஒரு குளம் வெட்டிவிட்டேன். அதைச் சமன்செய்யப் போய், விரல் மரத்தில் உரசும் அளவுக்கு ஃபிரெட்டுகள் தேய்ந்து, கடைசியில் அத்தனையையும் பிடுங்கிப் புதிதாக அடிக்க வேண்டியதாயிற்று.

சட்டத்தில் 400ஆம் எண் உப்புத்தாளை இருபக்கமும் ஒட்டும் டேப்பால் ஒட்டி, தந்தி ஓடும் திசையிலேயே முன்னும் பின்னும் இழுங்கள். அழுத்த வேண்டாம், சட்டத்தின் எடையே போதும். ஃபிரெட்டுகள் பதிந்த பலகையான ஃபிரெட்போர்டு குறுக்கே சற்று உருண்டிருக்கும் அல்லவா, ஆகவே முதல் தந்தியின் தடத்திலிருந்து ஆறாவது தடம்வரை நகர்ந்துகொண்டே இருங்கள். உயர்ந்த தலைகளில் மை முதலில் அழியும். கடைசி ஃபிரெட்டின் மையும் அழிந்த கணத்தில் கையை எடுத்துவிடுங்கள்.

பலர் இங்கேயே தந்தியை மாட்டிவிடுகிறார்கள். தேய்த்த தலை மேஜைபோல் தட்டையாக இருக்கிறது. தந்தி எந்த விளிம்பில் அமர்வது என்று தெரியாமல் சுருதி நழுவும், இரைச்சலும் திரும்பி வரும். ஆகவே மறுபடி மை பூசுங்கள். ஒரு சிறிய முக்கோண அரத்தின் முனைகளைச் சாணையில் மழுக்கிக்கொண்டு, ஃபிரெட்டின் இரு தோள்களையும் மாறி மாறி அராவுங்கள். நடுவில் கறுப்புக் கோடு ஒடுங்கிக்கொண்டே வரும். அது முடியளவு மெலிந்ததும் நிறுத்துங்கள். அந்தக் கோட்டை அழித்தால் மட்டமும் அதோடு போயிற்று. 22 ஃபிரெட்டுக்கும் இப்படித்தான். எனக்கே அரை நாள் ஆகிறது. பிறகு 600, 1000, 2000 என்று உப்புத்தாளை மாற்றி மாற்றி விரலால் தேய்த்து மெருகேற்றினால் போதும்.

கேள்வி: ஃபிரெட் கம்பியை ‘நிக்கல் சில்வர்’ என்கிறார்களே, தேய்த்த தூளைச் சேர்த்து வைத்தால் தட்டானிடம் விலை போகுமா?
– வாசகர், விருதுநகர்

பதில்: பெயரில்தான் வெள்ளி. உள்ளே இருப்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும். சேர்த்து வைக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். மூக்கைக் கட்டிக்கொண்டு வேலை செய்யுங்கள்.

கேள்வி: என் அக்கா வீணை வாசிப்பவள். மெட்டு (வீணையின் ஃபிரெட்) இடம் மாறினால் மெழுகை இளக்கிச் சரிசெய்துவிடுகிறார்கள் என்கிறாள். கிட்டாருக்கு ஏன் இந்த வம்பு?
– வாசகி, கும்பகோணம்

பதில்: வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில் பதிந்திருப்பவை. இளக்கினால் ஏற்றலாம், இறக்கலாம், நகர்த்தலாம். கிட்டாரில் ஃபிரெட்டின் அடிப்பகுதி பற்களோடு மரப்பள்ளத்துக்குள் இறங்கியிருக்கிறது. ஒரு ஃபிரெட் தாழ்ந்துபோனால் அதை உயர்த்த வழியில்லை. மற்ற எல்லாவற்றையும் அதன் மட்டத்துக்குத் தேய்க்க வேண்டும், அல்லது அதைப் பிடுங்கிப் புதிது அடிக்க வேண்டும். உங்கள் அக்கா சொல்வது சரிதான். அவர் வீணையைப் பார்த்து எனக்கும் பொறாமை உண்டு.