நிரல் யாருக்குச் சொந்தம்? ஓப்பன் சோர்ஸ் வழக்குகள் பற்றிய கேள்வி பதில்

மென்பொருள் நிறுவனங்களில் உரிமத் தணிக்கை என் தொழில். ஒரு தயாரிப்பு வெளியே போவதற்கு முன் அதற்குள் யார் எழுதிய நிரல் இருக்கிறது, எந்த உரிமத்தில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஓப்பன் சோர்ஸ் நிரலின் (மூலநிரலை எல்லாரும் பார்க்க, மாற்ற, பகிர விட்ட நிரல்) உரிமை பற்றியும் அதற்காக நடந்த வழக்குகள் பற்றியும் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். நான் வக்கீல் இல்லை. கையில் நோட்டீஸ் வந்துவிட்டவர்கள் முதலில் வக்கீலைப் பாருங்கள்.

கடைசிபெஞ்ச்: அக்கா, ஓப்பன் சோர்ஸ் என்றால் யாருக்கும் சொந்தம் இல்லை என்றுதானே அர்த்தம்? அப்புறம் எதற்கு வழக்கு?

பதில்: சொந்தக்காரர் இருப்பதால்தான் உரிமமே இருக்கிறது. "எடுத்துக்கொள், மாற்றிக்கொள், ஆனால் இன்னின்ன நிபந்தனைகள் உண்டு" என்று சொல்லும் அதிகாரம் பதிப்புரிமை உள்ளவருக்கு மட்டும்தான்.

அமெரிக்காவில் இதைத் தெளிவாக்கியது ஒரு மாதிரி ரயில் வழக்கு. பெர்க்லியின் இயற்பியல் பேராசிரியர் ராபர்ட் ஜேக்கப்சன், மாதிரி ரயில்களை இயக்கும் ஜேஎம்ஆர்ஐ மென்பொருளை ஆர்ட்டிஸ்டிக் என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமத்தில் வெளியிட்டிருந்தார். மாத்யூ கேட்சர் என்பவரின் நிறுவனம் அதன் கோப்புகளை எடுத்து, எழுதியவர்களின் பெயரையும் உரிமக் குறிப்பையும் நீக்கிவிட்டுத் தன் தயாரிப்பில் சேர்த்துக்கொண்டது. இது வெறும் ஒப்பந்த மீறல் என்றது கீழ் நீதிமன்றம். இலவசமாகக் கொடுத்த பொருளுக்கு ஒப்பந்தச் சட்டத்தில் என்ன நஷ்டஈடு கிடைத்துவிடும்? ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008 ஆகஸ்டில் அதை மாற்றியது. பெயரையும் உரிமக் குறிப்பையும் வைக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள், மீறினால் உரிமத்தின் எல்லையைத் தாண்டியாயிற்று, ஆகவே அது பதிப்புரிமை மீறலாகலாம் என்றது. 2010-இல் சமரசம் ஏற்பட்டு, கேட்சர் தரப்பு 1,00,000 டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது.

ஈரோட்டுக்காரன்: ராத்திரியில், என் சொந்த லேப்டாப்பில் எழுதிய ப்ராஜெக்டை கிட்ஹப்பில் போட்டிருக்கிறேன். கம்பெனி அதைத் தன்னுடையது என்று சொல்ல முடியுமா?

பதில்: லேப்டாப் யாருடையது என்பதை மட்டும் வைத்து இது முடிவாகாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 17(சி) சொல்வது இதுதான்: பணி ஒப்பந்தத்தின் கீழ், வேலையின் போக்கில் உருவாக்கியதற்கு முதல் உரிமையாளர் முதலாளி, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால். உங்கள் வேலை பேமென்ட் மென்பொருள் எழுதுவது. இரவில் எழுதியதும் பேமென்ட் லைப்ரரி என்றால் சிக்கல். இரவில் எழுதியது தமிழ் எழுத்துரு மாற்றி என்றால் இந்தப் பிரிவின்படி உங்கள் பக்கம் வலு அதிகம்.

ஆனால் பெரும்பாலும் ஆபத்து சட்டத்தில் இல்லை, நீங்கள் சேர்ந்த அன்று படிக்காமல் கையெழுத்துப் போட்ட நியமன ஒப்பந்தத்தில் இருக்கிறது. "பணிக்காலத்தில் உருவாக்கும் அனைத்தும் நிறுவனத்துக்கே" என்று ஒரு வரி இருக்கும். கலிஃபோர்னியாவில் தொழிலாளர் சட்டத்தின் 2870-ஆம் பிரிவு, சொந்த நேரத்தில் சொந்தக் கருவியில் செய்ததை, அது நிறுவனத்தின் தொழிலோடு தொடர்பில்லாதவரை, காப்பாற்றுகிறது. நம் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை. அதனால் மேலாளர் டீக்கடையில் "பண்ணிக்கோப்பா" என்று சொன்னது போதாது. ப்ராஜெக்டின் பெயரைக் குறிப்பிட்டு, அதிகாரம் உள்ளவரிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். க்னூ என்ற கட்டற்ற மென்பொருள் தொகுப்பின் திட்டங்கள் பலவற்றில், பங்களிப்பவரின் முதலாளியிடமிருந்து "எங்களுக்கு உரிமை இல்லை" என்ற கடிதத்தை ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் வாங்கி வைப்பது இதற்காகத்தான்.

தனிவழி: நான் ஃப்ரீலான்சர். பணம் கொடுத்த கிளையன்ட் இப்போது என் நிரலை எம்ஐடி உரிமத்தில் வெளியிட்டுவிட்டார். அவருக்கு அந்த உரிமை உண்டா?

பதில்: பணம் கொடுத்ததால் மட்டும் உண்டு என்று சொல்ல முடியாது. எம்ஐடி என்பது, குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்னும் தளர்வான உரிமம். நீங்கள் ஊழியர் இல்லை என்பதால் 17(சி) பொருந்தாது, எழுதியவர் என்ற முறையில் முதல் உரிமையாளர் நீங்கள்தான். உரிமையை மாற்றிக் கொடுக்க வேண்டுமானால் பிரிவு 19-இன்படி எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலம் என்று அதில் சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்த நிலப்பரப்பு என்று சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்கிறது. உலகம் முழுக்கத் தரவிறக்கப்படும் நிரலுக்கு "இந்தியாவில் ஐந்து ஆண்டு" என்றால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இரண்டு தரப்பும் ஒப்பந்தத்தைத் தேடி எடுத்துப் படியுங்கள்.

மொட்டைமாடி: வார இறுதியில் மட்டும் எழுதினால் கம்பெனிக்கு உரிமை உண்டா?

பதில்: ஈரோட்டுக்காரருக்குச் சொன்னதேதான்.

குதிரைவீரன்: செஸ்பேஸ் மேல் ஸ்டாக்ஃபிஷ் குழு போட்ட வழக்கு என்ன ஆனது? சென்னையில் செஸ் ஆடுகிற எல்லாரும் இரண்டையும் பயன்படுத்துகிறோம்.

பதில்: எனக்கு மிகவும் பிடித்த வழக்கு இது, ஏனென்றால் ஜிபிஎல் (நிரலை மாற்றி வெளியிட்டால் மூலநிரலையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும் என்னும் உரிமம்) எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்கவில்லை என்பதை இதைவிட நேராகக் காட்டும் வழக்கு இல்லை.

ஸ்டாக்ஃபிஷ் ஒரு செஸ் இன்ஜின், அதாவது சிறந்த நகர்த்தலைக் கணக்கிடும் மென்பொருள். 2008-இல் தொடங்கியது. டோர்ட் ரோம்ஸ்டாட் எழுதிய க்ளவ்ருங் என்ற இன்ஜினிலிருந்து மார்கோ கோஸ்டல்பா பிரித்தெடுத்து வளர்த்தார். பிறகு உலகம் முழுவதிலிருந்தும் தன்னார்வலர்கள் சேர்ந்தார்கள். உரிமம் ஜிபிஎல் 3. 2021-இல் ஹாம்பர்கின் செஸ்பேஸ் நிறுவனம் ஃபேட் ஃப்ரிட்ஸ் 2 என்ற இன்ஜினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளே இருந்தது ஸ்டாக்ஃபிஷ். நியூரல் நெட்வொர்க் மட்டும் அவர்கள் பயிற்சி கொடுத்தது. அவர்கள் விற்ற ஹூடினி 6-க்குள்ளும் ஸ்டாக்ஃபிஷ் நிரல் இருந்ததாக ஸ்டாக்ஃபிஷ் குழு சொன்னது.

இங்கே பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஸ்டாக்ஃபிஷை விற்றது தவறே இல்லை. ஜிபிஎல் விற்பனையை அனுமதிக்கிறது. வாங்குபவரிடம் "இதற்குள் இருப்பது இந்த நிரல், இதோ மூலநிரல், உனக்கும் இதே உரிமை" என்று சொல்லாமல் விற்றதுதான் குற்றச்சாட்டு. உரிமத்தை ரத்து செய்துவிட்டோம் என்று அறிவித்து, 2021 ஜூலையில் மியூனிக்கில் வழக்குத் தொடர்ந்தார்கள்.

2022 நவம்பரில் சமரசம். ஸ்டாக்ஃபிஷ் நிரல் உள்ள எதையும் செஸ்பேஸ் ஓராண்டு விற்கக் கூடாது, அதன்பின் உரிமம் திரும்பக் கிடைக்கும். உரிம இணக்கத்தைப் பார்த்துக்கொள்ள நிறுவனத்துக்குள் ஒருவரை நியமிக்க வேண்டும். சம்பளம் வாங்காமல் எழுதியவர்கள் ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பொருளை ஓராண்டு அலமாரியிலிருந்து இறக்க வைத்தார்கள். பெரிய விஷயம் அது.

பழையபிசி: எஸ்சிஓ வழக்கு இன்னும் நடக்கிறதா?

பதில்: இல்லை, 2021-இல் முடிந்துவிட்டது. யூனிக்ஸ் இயங்குதளத்தின் உரிமை தனக்கே என்று சொன்ன எஸ்சிஓ நிறுவனம், அந்த நிரலை ஐபிஎம் ஓப்பன் சோர்ஸ் இயங்குதளமான லினக்ஸுக்குள் போட்டுவிட்டது என்று 2003 மார்ச்சில் வழக்குத் தொடர்ந்தது. கேட்டது முதலில் 100 கோடி டாலர், பிறகு 500 கோடி. லினக்ஸ் பயன்படுத்தும் சுமார் 1,500 பெரிய நிறுவனங்களுக்குக் கடிதம் போனது. லாஸ் வேகாஸ் கூட்டத்தில் ஆதாரம் என்று திரையில் காட்டிய துண்டுகளில் ஒன்று, பிஎஸ்டி என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமத்தில் ஏற்கனவே வெளியாகியிருந்த பாக்கெட் ஃபில்டர் நிரல் என்று தெரிந்தது. கடைசியில், எஸ்சிஓ தன்னுடையது என்று சொன்ன யூனிக்ஸ் பதிப்புரிமை நொவெல் நிறுவனத்திடமே இருக்கிறது என்று 2010-இல் ஜூரி சொன்னது. நொவெல் யூனிக்ஸ் தொழிலை விற்ற 1995 பத்திரத்தில் பதிப்புரிமை விலக்கப்பட்டிருந்ததுதான் சண்டையின் வேர். மிச்சமிருந்த ஐபிஎம் வழக்கு 1.425 கோடி டாலருக்குச் சமரசமானது.

இதனால் கிடைத்த நல்லது ஒன்று உண்டு. 2004-இல் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் "சைன்டு-ஆஃப்-பை" வரி வந்தது. இதைத் தர எனக்கு உரிமை இருக்கிறது என்று, அனுப்பும் ஒவ்வொரு திருத்தத்திலும் (பேட்ச்) பெயர் போட்டு உறுதி சொல்வது.

நேர்க்கோடு: சமரசம் சமரசம் என்றே சொல்கிறீர்கள். தீர்ப்பு வரை போன பெரிய லினக்ஸ் வழக்கில், விஎம்வேருக்கு எதிராக ஹெல்விக் தோற்றார். ஜிபிஎல் நீதிமன்றத்தில் நிற்காது என்பதை ஏன் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்?

பதில்: அந்தத் தீர்ப்பு ஜிபிஎல் நிற்காது என்று சொல்லவில்லை. கிறிஸ்டோஃப் ஹெல்விக் கர்னல் நிரலாளர். விஎம்வேர் நிறுவனத்தின் ஈஎஸ்எக்ஸ்ஐ-க்குள் (ஒரே கணினியில் பல மெய்நிகர் கணினிகளை இயக்கும் மென்பொருள்) லினக்ஸ் நிரல் வைத்துக் கட்டிய விஎம்கேலினக்ஸ் என்ற பகுதி இருந்தது. அது அவர்களுடைய மூடிய கர்னலோடு சேர்ந்து இயங்குவதால் முழுவதற்கும் ஜிபிஎல் பொருந்தும் என்பது அவர் வாதம். ஹாம்பர்க் நீதிமன்றம் 2016 ஜூலையில் அந்தக் கேள்விக்குள் போகவே இல்லை. நீங்கள் எழுதியது எந்தெந்த வரி, அது பாதுகாப்புக்குத் தகுதியான அளவு உங்கள் படைப்பா, அது இவர்கள் தயாரிப்பில் எங்கே இருக்கிறது என்று முதலில் கேட்டது. யார் எந்த வரியை மாற்றினார் என்று பதிவு வைக்கும் கிட் களஞ்சியத்தைக் காட்டி "இதில் இருக்கிறது பாருங்கள்" என்றது போதவில்லை. 2019 பிப்ரவரியில் மேல்முறையீடும் அதே இடத்தில் விழுந்தது. ஆனால் விஎம்கேலினக்ஸை நீக்கப்போவதாக விஎம்வேரே அறிவித்தது.

ஜிபிஎல் செல்லும் என்று தீர்ப்பே வேண்டுமா? 2004-இல் மியூனிக் நீதிமன்றம், லினக்ஸில் பிணையத் தரவை வடிகட்டும் பகுதியான நெட்ஃபில்டரை எழுதியவர்களில் ஒருவரான ஹரால்ட் வெல்டே தொடுத்த வழக்கில் சைட்காம் நிறுவனத்துக்கு எதிராகக் கொடுத்திருக்கிறது. அதே நாடு, அதே உரிமம்.

நேர்க்கோடு: அப்படியென்றால் இன்னும் மோசம். பல்லாயிரம் பேர் எழுதிய நிரலில் தன் பங்கை நிரூபிக்க முடிந்த எவரும் கம்பெனிகளை மிரட்டிப் பணம் பறிக்கலாம். பேட்ரிக் மெக்ஹார்டி செய்தது அதுதானே?

பதில்: இது நியாயமான கவலை. மெக்ஹார்டி நெட்ஃபில்டர் குழுவின் முன்னாள் தலைவர். ஜெர்மனியில் பல நிறுவனங்களுக்கு எச்சரிக்கை அனுப்பி, இனி மீறினால் அபராதம் என்ற உறுதிமொழியில் கையெழுத்து வாங்கி, அடுத்த மீறலைக் கண்டுபிடித்துப் பணம் கேட்டார். நெட்ஃபில்டர் குழுவே 2016-இல் அவரை இடைநிறுத்தியது. 2018 மார்ச்சில் ஜெனியாடெக் நிறுவனத்தின் மீதான வழக்கு கொலோன் மேல் நீதிமன்றத்தில் வந்தபோது மனுவைத் திரும்பப் பெற்றார்.

ஆனால் இதற்கு மருந்து சமூகத்துக்குள்ளேயே வந்தது. லினக்ஸ் கர்னலின் உரிமமான ஜிபிஎல் 2-இன்படி மீறிய கணமே உரிமம் போய்விடும். அந்தக் கூர்மைதான் மிரட்ட உதவியது. 2017 அக்டோபரில் கர்னல் நிரலாளர்கள் பலர் சேர்ந்து, முதல் முறை தவறியவர் நோட்டீஸ் கிடைத்த 30 நாளுக்குள் சரிசெய்தால் உரிமம் திரும்பும் என்று ஜிபிஎல் 3-இல் உள்ள விதியைத் தாங்களாக ஏற்றுக்கொண்டார்கள். ஒருவர் தவறாகப் பயன்படுத்தினார் என்பதற்காக எல்லோருடைய உரிமையையும் விட்டுவிடச் சொல்வது சரியில்லை.

வடைமாலை: எல்லாரும் சிஎல்ஏ கையெழுத்துப் போட்டு உரிமையை ஒரே கம்பெனியிடம் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே?

பதில்: சிஎல்ஏ என்பது நிரல் தருபவர் திட்டத்தை நடத்துபவரோடு போடும் பங்களிப்பாளர் ஒப்பந்தம். அதனால் தொல்லை இடம் மாறும், அவ்வளவுதான். ஹாஷிகார்ப் நிறுவனம் 2023 ஆகஸ்டில், க்ளவுட் கட்டமைப்பை நிரலால் அமைக்கும் டெராஃபார்மை எம்பிஎல் என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமத்திலிருந்து, போட்டியாக விற்பதைத் தடுக்கும் பிசினஸ் சோர்ஸ் உரிமத்துக்கு மாற்றியது. வெளியே இருந்து எழுதிக் கொடுத்தவர்களின் பேட்ச்களும் சேர்ந்துதான் போயின. சிஎல்ஏவில் கையெழுத்திட்டிருந்ததால் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பழைய எம்பிஎல் பதிப்பிலிருந்து ஓப்பன்டோஃபு என்ற தனித் திட்டம் கிளைத்தது. 2024 ஏப்ரலில் "எங்கள் புதிய நிரலை நகலெடுத்தீர்கள்" என்று அவர்களுக்கு ஹாஷிகார்பிடமிருந்து வக்கீல் கடிதம். ஓப்பன்டோஃபு மறுத்து, தங்கள் வரிகள் பழைய எம்பிஎல் நிரலிலிருந்து எப்படி வந்தன என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியது.

லினக்ஸை யாராலும் இப்படி மாற்ற முடியாது. உரிமை ஆயிரக்கணக்கானவர்களிடம் சிதறிக் கிடப்பதுதான் அதற்குக் காவல். ஹெல்விக் நிரூபிக்கத் திணறியதும் இதே சிதறலால்தான். அந்த விலையைக் கொடுத்தாவது சிதறியே இருக்கட்டும் என்பது என் நிலைப்பாடு.

நேர்க்கோடு: பணம் போட்டது கம்பெனி. பெரிய க்ளவுட் நிறுவனங்கள் இலவசமாக எடுத்து விற்கும்போது ஹாஷிகார்ப் உரிமத்தை மாற்றியது என்ன தப்பு?

பதில்: சட்டப்படி தப்பு என்று நான் சொல்லவே இல்லை. சிஎல்ஏவில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள், மாற்றினார்கள். வார இறுதியில் உட்கார்ந்து பிழை திருத்திக் கொடுத்தவருக்கு, தான் கையெழுத்திட்ட தாளில் அந்த அதிகாரமும் இருந்தது தெரியாமல் போனதுதான் எனக்கு வலிக்கிறது. சிஎல்ஏவைப் படிக்காமல் பச்சைப் பொத்தானை அழுத்தாதீர்கள். வெறும் உறுதிமொழி கேட்கும் திட்டமா, மறு உரிமம் கொடுக்கும் அதிகாரத்தையும் கேட்கும் திட்டமா என்று பாருங்கள். இந்த வாதத்தை இத்தோடு நிறுத்துவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கீபோர்டு: ஏஐ எழுதிய நிரல் யாருக்குச் சொந்தம்?

பதில்: படைப்பாளி மனிதராக இருக்க வேண்டும் என்று வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 மார்ச்சில் ஒரு ஓவியம் பற்றிய வழக்கில் சொன்னது. எந்தப் பகுதியை நீங்கள் எழுதினீர்கள் என்று பதிவு வைத்திருங்கள்.

சோழிங்கநல்லூர்: மென்பொருள் பேட்டன்ட் எடுப்பது எப்படி?

பதில்: என் துறை இல்லை. பேட்டன்ட் ஏஜென்ட் ஒருவரைப் பாருங்கள்.

இரவுக்காவலன்: கம்பெனிக்குத் தெரியாமல் ராத்திரி எழுதினால்...

பதில்: மூன்றாவது முறை இதே கேள்வி. நியமன ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அதற்கு முன் கிட்ஹப்பில் போடாதீர்கள்.

நாலாம்செமஸ்டர்: நான்கு பேர் சேர்ந்து ஜிபிஎல்லில் எழுதிய ப்ராஜெக்டை எம்ஐடிக்கு மாற்ற வேண்டும். ஒருவன் பேசுவதில்லை, பதிலும் போடுவதில்லை. மூன்று பேர் சம்மதம் போதுமா?

பதில்: போதாது. நால்வரும் உரிமையாளர்கள். இணையத் தொடர்பை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் திட்டம் 2017-இல் உரிமம் மாற்றக் கிளம்பியபோது, பதில் வராவிட்டால் ஆட்சேபணை இல்லை என்று எடுத்துக்கொள்வோம் என்று பங்களிப்பாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியது. கடும் எதிர்ப்பு எழுந்தது. மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள பதிப்புரிமைச் சட்டத்தில் இடம் தேடாதீர்கள். வீடியோலான் குழு, தன் வீடியோ இயக்கியான விஎல்சியின் மையப் பகுதியை ஜிபிஎல்லிலிருந்து அதைவிடத் தளர்வான எல்ஜிபிஎல்லுக்கு மாற்ற, நூற்றுக்கணக்கான நிரலாளர்களைத் தேடிப் பிடித்துச் சம்மதம் கேட்டது. உங்களுக்கு ஒரே ஒருவர்தானே, பொதுவான நண்பர் மூலம் கேட்டு, மின்னஞ்சலில் சம்மதம் வாங்குங்கள். கடைசிவரை கிடைக்காவிட்டால் அவர் எழுதிய பகுதியை நீக்கிவிட்டு, அந்தக் கோப்பைப் பார்க்காத ஒருவரை வைத்துப் புதிதாக எழுதச் சொல்லுங்கள்.