தன் வேலையைத் தானே செய்ய: வாசகர் கேள்விகள், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் பதில்கள்

என் அப்பாவுக்கு வயது 63. பக்கவாதம் வந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. வலது கையும் காலும் பலவீனமாக உள்ளன. பிசியோதெரபி எடுத்துக்கொண்டு இப்போது கைத்தடியுடன் நடக்கிறார். ஆக்குபேஷனல் தெரபிக்கும் அழைத்துச் செல்லும்படி மருத்துவர் சொல்கிறார். இரண்டும் ஒன்றுதானே? குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, ஊட்டிவிடுவது என எல்லாவற்றையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம். அவருக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை.

இரண்டும் ஒன்றல்ல. ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்றும் ஆகாது. தசை வலிமை, மூட்டின் அசைவு, உடற்சமநிலை, நடை ஆகியவற்றைப் பிசியோதெரபி முதன்மையாகக் கவனிக்கிறது. அப்படித் திரும்பப் பெற்ற வலிமையைக் கொண்டு குளிப்பது, உடுத்துவது, உண்பது, எழுதுவது, வேலைக்குப் போவது ஆகியவற்றை ஒருவர் மீண்டும் எப்படிச் செய்வது என்பதே ஆக்குபேஷனல் தெரபியின் களம். கையை உயர்த்த முடிகிற ஒருவரால் சட்டை போட முடியாமல் இருப்பதை மருத்துவமனையில் அன்றாடம் பார்க்கிறோம்.

சட்டை போடுவதையே எடுத்துக்கொள்வோம். சாயாமல் உட்கார வேண்டும், சட்டையின் மேற்புறம் எது, எந்தக் கைக்கு எந்தக் கைப்பகுதி என்று அடையாளம் காண வேண்டும், எதை முதலில் செய்வது என்ற வரிசை நினைவில் நிற்க வேண்டும், கடைசியில் விரல்கள் பொத்தானைப் பிடிக்க வேண்டும். உங்கள் அப்பா இவற்றில் எந்த இடத்தில் தடுமாறுகிறார் என்பதைத்தான் தெரபிஸ்ட் முதலில் கவனிப்பார். தடுமாற்றம் சமநிலையில் இருந்தால் பயிற்சி ஒரு விதம், வரிசையில் இருந்தால் வேறு விதம், விரல்களில் மட்டும் இருந்தால் பொத்தானுக்குப் பதில் வெல்க்ரோ ஒட்டிய சட்டையே போதுமானதாகிவிடலாம்.

பாதங்கள் இரண்டும் தரையில் படியும்படி, உறுதியான நாற்காலியில் உட்கார்ந்துதான் பழக வேண்டும். பலவீனமான கையை முதலில் நுழைத்து, நல்ல கையால் சட்டையைத் தோள்வரை இழுத்துவிட்டு, முதுகுக்குப் பின்னால் சுற்றிக் கொண்டுவந்து, அதன் பிறகே நல்ல கையை நுழைக்க வேண்டும். பொத்தானைக் கீழிருந்து மேலாகப் போட்டுவந்தால் வரிசை மாறாது. கழற்றும்போது நல்ல கை முதலில் வெளியே வர வேண்டும். தொடக்கத்தில் இதற்கு அரை மணி நேரம்கூட ஆகலாம். பக்கத்தில் நிற்பவர்களுக்குப் பார்த்துக்கொண்டிருப்பதே கடினமாக இருக்கும்.

அந்த அரை மணி நேரத்தை அவருக்குக் கொடுங்கள் என்பதே என் வேண்டுகோள். எல்லாவற்றையும் நீங்களே செய்துவிடுவது அன்பினால்தான், அதில் ஐயமில்லை. ஆனால் பயன்படுத்தாத கையை மூளை மெல்லக் கணக்கிலிருந்து விட்டுவிடுகிறது. முயன்று பார்க்க வாய்ப்பே இல்லாத மனிதர், தன்னால் இனி எதுவும் ஆகாது என்று நம்பத் தொடங்கிவிடுகிறார். முழுவதையும் அவரே செய்ய வேண்டும் என்பதில்லை. சட்டையைத் தோள்வரை நீங்கள் ஏற்றிவிடுங்கள், மீதியை அவர் முடிக்கட்டும். சில வாரங்களில் உங்கள் பங்கு குறையட்டும். ஊட்டிவிடுவதற்குப் பதிலாக, தட்டு நகராமல் இருக்க அடியில் வழுக்காத விரிப்பும், இடது கைக்குத் தடித்த பிடியுள்ள கரண்டியும் கொடுத்துப் பாருங்கள். எழுப்பும்போதும் படுக்க வைக்கும்போதும் வலது கையைப் பிடித்து இழுக்கவே இழுக்காதீர்கள். தோளைத் தாங்கும் தசைகள் தளர்ந்திருப்பதால் மூட்டு நழுவும். அந்த வலி பல மாதங்களுக்குப் பயிற்சியையே நிறுத்திவிடும்.

பக்கவாதத்துக்குப் பின் என் கணவர் தட்டின் இடது பாதியில் இருப்பதை அப்படியே விட்டுவிடுகிறார். முகத்தின் வலது பக்கத்தை மட்டும் சவரம் செய்கிறார். கண் பரிசோதனையில் குறை எதுவும் இல்லை என்கிறார்கள். சொன்னால் கோபப்படுகிறார். இது பிடிவாதமா?

பிடிவாதம் இல்லை. மூளையின் வலது பாதி பாதிக்கப்பட்டவர்களிடம் அதிகம் காணப்படும் நிலை இது. கண் பார்க்கிறது, ஆனால் இடது புறம் என்ற ஒன்று இருப்பதையே மூளை பொருட்படுத்துவதில்லை. தனக்கு இப்படி ஒரு குறை இருப்பதும் அவருக்குத் தெரியாமல் போவதால், நீங்கள் சொல்வது அவர் காதில் வீண்பழியாகவே விழுகிறது. இதை வீட்டார் அனைவரும் புரிந்துகொள்வது மிகவும் முக்கியம்.

இடப்புறம் தேடிப் பார்க்கும் பழக்கத்தைப் பயிற்சியால் ஏற்படுத்தலாம். தட்டின் இடது ஓரத்திலும், படிக்கும் பக்கத்தின் இடது விளிம்பிலும் பளிச்சென்ற சிவப்புப் பட்டை ஒன்றை ஒட்டி, அது கண்ணில் படும்வரை தலையைத் திருப்பும்படி சொல்லுங்கள். பேசும்போது முதலில் அவர் எளிதில் கவனிக்கும் பக்கத்தில் உட்கார்ந்து, நாளாக ஆக மெல்ல இடப்புறம் நகர்ந்து வாருங்கள். சாலையைத் தனியாகக் கடப்பதையும் வண்டி ஓட்டுவதையும், மருத்துவரும் தெரபிஸ்டும் பரிசோதித்து அனுமதிக்கும்வரை விட்டுவிட வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

பக்கவாதம் வந்து ஓராண்டு ஆகிவிட்டது. ஆறு மாதத்துக்கு மேல் கையில் முன்னேற்றம் இருக்காது என்கிறார்களே?

முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், பிறகு மெதுவாகும்; இது உண்மை. அதோடு கதவு அடைபட்டுவிடுகிறது என்பது உண்மையில்லை. பலவீனமான கையில் மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவாவது நீட்ட முடிகிறவர்களுக்கு, விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியில் நல்ல கைக்கு உறை மாட்டி வைத்து, இரண்டு வாரங்கள் பலவீனமான கையைக் கொண்டே வேலைகளைச் செய்யவைக்கும் தீவிரப் பயிற்சி ஒன்று உண்டு. எட்வர்ட் டாப் என்ற உளவியலாளரின் ஆய்வுகளிலிருந்து வளர்ந்த முறை அது. பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதங்கள் ஆனவர்களிடம் நடத்தி 2006இல் வெளியான பெரிய ஆய்வில் இது நல்ல பலன் தந்தது; ஓராண்டு கடந்தவர்களிடம் நடந்த ஆய்வுகளிலும் பலன் தெரிந்திருக்கிறது. விரல்களில் அசைவே இல்லாதவர்களுக்கு இது பொருந்தாது. கீழே விழும் அபாயம் உள்ளவர்கள் தாமாக முயன்று பார்க்கக் கூடாது. கை திரும்பாவிட்டாலும், ஒரு கையால் செய்யும் முறைகளைக் கற்க எந்தக் காலக்கெடுவும் கிடையாது.

எனக்கு முடக்குவாதம். காலையில் விரல்கள் இறுகிப்போகின்றன, மூடியைத் திறக்கவே வலிக்கிறது. கைக்கு உதவும் சாதனங்களை வாங்கச் சொல்கிறார்கள். அதற்குப் பழகிவிட்டால் கை இன்னும் பலவீனமாகிவிடாதா?

ஆகாது. அழற்சி உள்ள மூட்டை வலிக்க வலிக்க முறுக்குவதில்தான் சேதம் இருக்கிறது. சின்ன மூட்டு சுமப்பதைப் பெரிய மூட்டுக்கு மாற்றுவது இங்கே அடிப்படை விதி. பையை விரல்களில் தொங்கவிடாமல் முன்கையிலோ தோளிலோ மாட்டுங்கள், பாத்திரத்தை இரண்டு உள்ளங்கைகளாலும் ஏந்துங்கள், மூடியை விரல்களால் முறுக்காமல் ரப்பர் விரிப்பை வைத்து உள்ளங்கையால் திருப்புங்கள். பேனாவுக்கும் கத்திக்கும் பிடியைத் தடிமனாக்கினால் விரல்கள் இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லை. வலி கூடிய நாட்களில் மணிக்கட்டுக்கு ஸ்ப்ளின்ட், அதாவது மூட்டைத் தாங்கிப் பிடிக்கும் கட்டு, உதவும். அதை உங்கள் கையின் அளவுக்கே செய்துகொள்வது நல்லது. தெரபிஸ்ட் கற்றுத்தரும் மென்மையான விரல் அசைவுகளை விடாமல் செய்யுங்கள்.

நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ள என் அம்மாவுக்குக் குளித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது.

உட்கார்ந்து குளிக்கட்டும், வழுக்காத நாற்காலி போதும். கையைத் தோளுக்கு மேல் தூக்கும் வேலைகள் மூச்சிரைப்பைக் கூட்டும் என்பதால், நீண்ட கைப்பிடியுள்ள தேய்ப்பான் பயன்படும். துண்டும் மாற்றுடையும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். குளித்த கையோடு அடுத்த வேலையில் இறங்காமல் இடையில் ஓய்வு எடுக்கட்டும்.

விபத்தில் தலையில் அடிபட்ட என் தம்பி இப்போது பார்க்க நன்றாக இருக்கிறான். ஆனால் அலுவலகம் போய்ப் பத்து நாட்களிலேயே முடியாது என்று திரும்பிவிட்டான். சோம்பல் என்று உறவினர்கள் பேசுகிறார்கள்.

வெளியே தெரியாத பாதிப்புதான் அதிகம் வதைக்கும். தலைக்காயத்துக்குப் பிறகு சட்டென்று வரும் களைப்பு, ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க முடியாமை, இரைச்சலைத் தாங்க முடியாமை ஆகியவை ஆள் நடமாடத் தொடங்கிய பின்பும் நீடிக்கலாம். தம்பியைச் சோம்பேறி என்பது அநியாயம்.

அவர் தெரபிஸ்டைச் சந்திக்கும்போது, தனக்கு எது முக்கியம் என்பதை அவர் வாயாலேயே கேட்பார்கள். கனடாவில் உருவாகி 1991இல் வெளியான மதிப்பீட்டு முறை ஒன்றில், முக்கியமான செயல்களை நோயாளியே தேர்ந்தெடுத்து, இப்போது எப்படிச் செய்கிறேன், அதில் எவ்வளவு நிறைவு என்று 1 முதல் 10 வரை தானே மதிப்பெண் போடுவார். சிகிச்சைக்குப் பின் மீண்டும் போட்டு ஒப்பிடுவார்கள். வேலைக்குத் திரும்புவதுதான் தம்பியின் தேர்வு என்றால், அவருடைய ஒரு நாள் வேலையைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்து, எந்தப் பகுதியில் கவனம் உடைகிறது என்று கண்டறிவார்கள். கைபேசியில் நினைவூட்டல், ஒரு வேலையை முடித்துக் குறித்த பிறகே அடுத்ததைத் தொடுவது, இரைச்சல் குறைந்த இருக்கை போன்ற ஏற்பாடுகளோடு, முதலில் நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரம் மட்டும் என்று தொடங்கி மெல்லக் கூட்டுவது வழக்கம். நிறுவனத்தின் ஒப்புதல் இதற்குத் தேவை. என்னென்ன மாற்றங்கள் வேண்டும் என்று தெரபிஸ்டிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு, தம்பி அடுத்த முறை அலுவலகம் போவதற்கு முன்பே மேலாளரிடம் பேசிவிடுங்கள்.