'வில்' போட்டால்தான் எதிர்காலமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பள்ளியில் பன்னிரண்டு டென்ஸ் அட்டவணையை மனப்பாடம் செய்தவன் நான். எதிர்காலம் என்றால் 'வில்' என்றுதான் அதில் இருந்தது. இப்போது வேலையில் வெளிநாட்டுக்காரர்களோடு தினமும் பேசுகிறேன். நாளைய விஷயத்தைப் பேசும்போது அவர்கள் வாயில் பாதி நேரம் 'வில்' வருவதே இல்லை. 'ஐ ஆம் மீட்டிங் தெம் டுமாரோ' என்கிறார்கள், 'வி ஆர் கோயிங் டு சேஞ்ச் இட்' என்கிறார்கள். போதாக்குறைக்கு, ஆங்கிலத்தில் எதிர்காலமே கிடையாது என்று ஒரு காணொளியில் ஒருவர் அடித்துச் சொன்னார். அப்படியானால் நான் படித்தது என்ன? இன்னொரு சந்தேகம். 'வென் ஐ வில் ரீச், ஐ வில் கால் யூ' என்று ஒரு மின்னஞ்சலில் எழுதினேன். பிழை என்றார்கள். என்ன பிழை என்று யாரும் சொல்லவில்லை.

ச.

அன்புள்ள ச.,

காணொளிக்காரர் சொன்னது உண்மைதான், கொஞ்சம் பரபரப்பாகச் சொல்லியிருக்கிறார். ஆங்கில வினைச்சொல்லுக்குக் காலம் காட்டும் உருவம் இரண்டுதான். 'வாக்' ஒன்று, 'வாக்டு' ஒன்று. தமிழில் 'நடப்பேன்' என்பதில் எதிர்காலம் வினைக்குள்ளேயே இருக்கிறது. லத்தீனிலும் அப்படித்தான்: 'அமோ' என்றால் நேசிக்கிறேன், 'அமாபோ' என்றால் நேசிப்பேன். ஆங்கிலத்தில் அந்த மூன்றாவது உருவம் இல்லை. பழைய ஆங்கிலத்தில் நிகழ்கால வினையை வைத்தே நாளையையும் பேசிக்கொண்டார்கள். 'வில்' என்பது 'கேன்', 'மே', 'மஸ்ட்' ஆகியவற்றின் கூட்டாளி, வினைக்குத் துணையாக வரும் தனிச்சொல். 2002-இல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணத்தில் ஹடில்ஸ்டனும் புல்லமும் இதைத்தான் வாதிடுகிறார்கள். எதிர்காலம் என்ற டென்ஸ் இல்லை என்பதே அவர்கள் கட்சி. எதிர்காலத்தைப் பற்றிப் பேச முடியாது என்று யாரும் சொல்லவில்லை.

லத்தீன் படித்தவர்கள் ஆங்கிலத்துக்கு இலக்கணம் எழுத உட்கார்ந்தபோது லத்தீனில் இருந்த கட்டங்களை எல்லாம் இங்கேயும் நிரப்பப் பார்த்தார்கள். அதன் நீட்சிதான் நீங்கள் மனப்பாடம் செய்த அட்டவணை. ஜான் வாலிஸ் என்று ஒருவர், 1653-இல் ஆங்கில இலக்கணத்தை லத்தீனிலேயே எழுதினார். கணிதக்காரர், முடிவிலிக்கு நாம் போடும் படுத்த எட்டுக் குறியைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் இவர்தான். தன்மையில், அதாவது 'ஐ', 'வி'யோடு, 'ஷல்' வந்தால் வெறும் எதிர்காலம், 'வில்' வந்தால் உறுதி அல்லது மிரட்டல். முன்னிலையிலும் படர்க்கையிலும் இதைத் தலைகீழாக்கிக்கொள்ள வேண்டும் என்று விதித்தார். பள்ளிக்கூடங்கள் அதை வெகுகாலம் பிடித்துக்கொண்டு தொங்கின. இந்த விதியைக் கேலி செய்ய ஒரு பழைய நகைச்சுவை உண்டு. தண்ணீரில் விழுந்தவன் 'ஐ வில் ட்ரௌன், நோபடி ஷல் சேவ் மீ' என்று கத்தினானாம். மூழ்கியே தீருவேன், யாரும் காப்பாற்றக் கூடாது என்று விதிப்படி பொருள் எடுத்துக்கொண்டு, கரையில் இருந்த படித்தவர்கள் பேசாமல் நின்றார்களாம்.

இன்று பேச்சில் 'ஷல்' மிஞ்சியிருப்பது பெரும்பாலும் 'ஷல் வி கோ?' போன்ற கேள்விகளில்தான். சட்ட மொழியில்கூட ஆட்டம் கண்டுவிட்டது. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் உரிமையியல் விதிகளை 2007-இல் திருத்தி எழுதியபோது, கட்டாயமா அனுமதியா என்று குழப்புகிறது என்று 'ஷல்'லைக் களைந்தார்கள். நீங்கள் அதை மறந்துவிடலாம்.

சரி, உங்கள் உண்மையான பிரச்சினைக்கு வருவோம். எதிர்காலத்துக்கு எத்தனை வடிவம் என்று எண்ணாதீர்கள். பேசுகிறவர் எதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறார் என்று பாருங்கள். அந்தக் கோப்பு இன்னும் வரவில்லை என்று கூட்டத்தில் ஒருவர் சொல்கிறார். 'ஐ வில் செண்ட் இட்' என்றால் அந்த நொடியில் எடுத்த முடிவு, உதவி செய்ய முன்வருகிற குரல். 'ஐ ஆம் கோயிங் டு செண்ட் இட்' என்றால் ஏற்கெனவே மனதில் இருந்தது; அந்த இடத்தில் அது, எனக்குத் தெரியும், நீங்கள் சொல்ல வேண்டியதில்லை என்ற தொனியைக்கூடத் தந்துவிடும். 'ஐ ஆம் செண்டிங் இட் திஸ் ஈவினிங்' என்றால் ஏற்பாடு ஆகிவிட்டது.

மூன்றுமே இலக்கணப்படி சரி. அதனால்தான் உங்களை யாரும் திருத்தவில்லை. விடுமுறைத் திட்டம் என்ன என்று கேட்டால் 'ஐ வில் விசிட் மை சிஸ்டர்' என்று சொல்கிறோம். கேட்பவருக்கு, இவர் இப்போதுதான் யோசித்து முடிவு செய்கிறாரோ என்று தோன்றும். டிக்கெட்டே எடுத்தாகிவிட்டது என்பது அந்த வாக்கியத்தில் தெரியாது.

'கோயிங் டு' எண்ணத்துக்கு மட்டும் வருவதில்லை, கண்ணெதிரே இருக்கும் அறிகுறிக்கும் வரும். கருமேகத்தைப் பார்த்து 'இட் இஸ் கோயிங் டு ரெயின்' என்பார்கள். முதலில் இது ஒன்றைச் செய்ய ஓரிடத்துக்குப் போவதைத்தான் குறித்தது. போகப் போக நடை தேய்ந்து நோக்கம் மட்டும் மிஞ்சியது. 'கனா' என்று அவர்கள் சுருக்குவதும் இந்தப் புதுப் பொருளில்தான். நிஜமாகவே லண்டனுக்குப் போகிறவர் 'கனா லண்டன்' என்று சொல்ல முடியாது.

'ஐ ஆம் மீட்டிங்' வகைக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. யாரோ ஏற்பாடு செய்திருக்க வேண்டும். 'இட் இஸ் ரெய்னிங் டுமாரோ' என்று சொல்ல மாட்டார்கள், மழையோடு யாரும் நேரம் குறித்துக்கொள்ள முடியாதே. ஆனால் 'தி சன் ரைசஸ் அட் சிக்ஸ் டுமாரோ' சரி. ரயில், சூரியன், தேர்வு எல்லாம் ஒரே கணக்கு: கால அட்டவணை இருந்தால் வெறும் நிகழ்காலமே போதும்.

இதையெல்லாம் கேட்டு ஆங்கிலம் விசித்திரமான மொழி என்று நினைக்காதீர்கள். 'நாளைக்கு வருகிறேன்' என்று நாமும்தான் சொல்கிறோம். செருப்பைத் தேடிக்கொண்டே 'இதோ வந்துட்டேன்' என்கிறோமே, அது இறந்தகாலம். விரைவைக் காட்ட இப்படிச் சொல்லலாம் என்று தொல்காப்பியமே இடம் கொடுக்கிறது. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு காரணமாக முக்காலமும் பிறழலாம் என்று நன்னூல் அந்தப் பட்டியலை விரிக்கிறது. ஆங்கிலேயரின் வாயில் இந்த இடத்தில் 'ஐ ஆம் கமிங்' தான் வரும். நம் அளவுக்குத் துணிச்சல் இல்லை.

'வில்'லும் நம் எதிர்காலமும் இன்னோர் இடத்தில் நன்றாகவே ஒத்துப்போகின்றன. கதவு தட்டும் சத்தம் கேட்டதும் 'அவராகத்தான் இருக்கும்' என்கிறோம். அவர்கள் 'தட் வில் பி ஹிம்' என்பார்கள். ஆள் நிற்பது இப்போது, வினை மட்டும் நாளைக்குரியது. 'எண்ணெய் தண்ணீரில் மிதக்கும்' என்பதற்கும் 'ஆயில் வில் ஃப்ளோட் ஆன் வாட்டர்' உண்டு.

பழங்காலத்தில் 'வில்' என்றால் விரும்புதல். அந்த வாடை இன்னும் போகவில்லை. 'தி டோர் வோண்ட் ஓப்பன்' என்றால் கதவு திறக்க மாட்டேன் என்கிறது. அறையை நாளை பயன்படுத்துவீர்களா என்று கேட்கும்போது 'வில் யூ பி யூசிங் தி ரூம்?' என்று சுற்றி வளைப்பதும் இதனால்தான். அங்கே உங்கள் விருப்பத்தைத் துருவாமல், தானாக நடக்கப்போவதை விசாரிக்கிற பாவனை இருக்கிறது. அலுவலகத்தில் இதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

இனி உங்கள் மின்னஞ்சல். 'வென்', 'இஃப்', 'ஆஃப்டர்', 'அண்டில்' இவற்றின் பின்னால் நேரத்தையோ நிபந்தனையையோ சொல்லும் பகுதியில் 'வில்' வராது. எதிர்காலத்தை மற்ற பாதி சுமந்துகொள்ளும். நமக்கு இந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், 'வரும்போது' என்பதிலிருந்து என்று நினைக்கிறேன். அதில் இருக்கும் 'வரும்' எதிர்காலம், அதை அப்படியே கொண்டுபோய் 'வென் ஐ வில் கம்' ஆக்குகிறோம். 'போனதும்', 'வந்தால்' என்று யோசித்தால் அந்த ஆசை வராது, அவற்றில் எதிர்காலமே இல்லை.

ஒரு எச்சரிக்கை: 'டூ யூ நோ வென் ஹி வில் கம்?' என்பது பிழையில்லை. அங்கே 'வென்' எப்போது என்ற கேள்வி. அவசரப்பட்டு அதையும் வெட்டிவிடாதீர்கள்.

ஆக, உங்கள் வாக்கியம் 'வென் ஐ கெட் தேர், ஐ வில் கால் யூ'. 'ரீச்'சை நானே மாற்றிவிட்டேன். எந்த இடம் என்று சொல்லாமல் அதைத் தனியாக விட்டால் அவர்கள் காதுக்கு வாக்கியம் பாதியில் நின்ற மாதிரி இருக்கும். 'ரீச்'தான் வேண்டும் என்றால் 'வென் ஐ ரீச் தி ஆஃபீஸ்' என்று எழுதுங்கள்.