அகதிகளின் நிரந்தரக் குடியேற்றம்: 1951 உடன்படிக்கை பற்றிய கேள்விக்கு

விவாதத்தில் அகதிகளுக்கு நிரந்தரக் குடியேற்றம் வேண்டும் என்று பேசினீர்கள்; 1951 உடன்படிக்கை அதை உரிமையாகத் தரவில்லை என்று எதிரணி சொன்னதும் திணறினீர்கள்; உண்மையில் தருகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, அகதிகளின் உரிமைகளை வகுக்கும் சர்வதேச ஒப்பந்தமான 1951 அகதிகள் உடன்படிக்கை நிரந்தரக் குடியேற்றத்தை உரிமையாகத் தரவில்லை. எதிரணி சொன்னது அந்த அளவில் சரி. ஆனால் அதனால் உங்கள் வாதம் விழுந்துவிடாது.

நீங்கள் திணறியதற்குக் காரணம், இரண்டு விஷயங்களை ஒன்றாகப் பிடித்துக்கொண்டதுதான் என்று நினைக்கிறேன். ஆபத்துள்ள இடத்துக்குத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது 33ஆம் பிரிவு. அது கட்டாயக் கடமை. குடியுரிமை வருவது 34ஆம் பிரிவில். அங்கே "முடிந்தவரை" என்ற சொல் இருக்கிறது. இருந்தாலும் நடைமுறையை விரைவுபடுத்த எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும், கட்டணத்தை முடிந்தவரை குறைக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. எதிரணி முதல் பாதியை மட்டும் காட்டியிருக்கிறது.

அடுத்த சுற்றுக்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். அவர்கள் எதை எதிர்க்கிறார்கள்? ஏற்கெனவே வந்து வாழ்பவர்கள் அங்கேயே தங்குவதையா, முதலில் தஞ்சம் புகுந்த நாட்டிலிருந்து வேறொரு (மூன்றாம்) நாட்டுக்கு அழைத்துச் சென்று மறுகுடியமர்த்துவதையா? மறுகுடியமர்த்தல் கிடைப்பது ஆண்டுக்கு உலக அகதிகளில் 1 விழுக்காட்டுக்கும் குறைவானவர்களுக்கே. "எல்லோரும் வந்துவிடுவார்கள்" என்ற அச்சத்துக்கு இதுவே பதில்.

அப்புறம், பள்ளி முடிக்கும் வயதுவரை ஒரு நாட்டில் வளர்ந்த பிள்ளையிடம் "நீ தற்காலிகம்" என்று சொல்வது கொடுமை. இதை அழுத்தமாகப் பேசுங்கள். என் மனதில் எடை கூடிய வாதம் இதுதான்.

ஒரு எச்சரிக்கை: சொந்த நாட்டு நிலை அடிப்படையாக மாறினால் அகதித் தகுதி முடியலாம் என்று உடன்படிக்கையின் 1ஆம் பிரிவின் C பகுதி சொல்கிறது. எதிரணி கட்டாயம் அதை எடுக்கும். அந்த மாற்றம் நிலைத்ததா, பாதுகாப்பு உண்மையில் கிடைக்குமா என்று திருப்பிக் கேளுங்கள்.