72-லேயே நிற்கிறது – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு வயது 41. திருவனந்தபுரம் பாளையத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்கெழுதுகிறேன். காலையில் குழித்துறையில் ரயில் ஏறினால் ராத்திரி எட்டுக்குத்தான் வீடு. போன வருடம் 81 கிலோ இருந்தேன், உயரம் 158 செ.மீ. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது, எடையைக் குறைத்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொன்னார். இனிப்பை நிறுத்தினேன், சோற்றைப் பாதியாக்கினேன், ராத்திரி இரண்டு சப்பாத்தி. ஏழு மாதத்தில் 72-க்கு வந்தேன். அதன்பிறகு பத்து வாரமாக இறங்கவே இல்லை. சாப்பாடு அதே சாப்பாடுதான். ஆபீசில் ஒருத்தி சோற்றை அடியோடு விட்டுக் கொழுப்பை அதிகமாகச் சாப்பிடும் கீட்டோ டயட் என்கிறாள், வீட்டுக்காரர் தைராய்டு என்கிறார். ஜிம்முக்கு நேரமில்லை. இப்போது நாலே முக்காலுக்கு எழுகிறேன், படுக்கப் பதினொன்றரை ஆகிவிடும். இனி நாலுக்கு எழுந்து நடக்கலாமா? தேங்காய் எண்ணெயை அடியோடு நிறுத்திவிடட்டுமா?

எஸ்., மார்த்தாண்டம்

அன்புள்ள எஸ்.,

நாலு மணிக்கு எழுந்திருக்காதீர்கள். கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது அந்த வரிதான். இப்போதே நீங்கள் தூங்குவது ஐந்தேகால் மணி நேரம். 2010-இல் சிகாகோவில் பத்துப் பேரை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். சின்ன ஆய்வுதான், ஆனால் உங்களுக்கென்றே செய்ததுபோல இருக்கும். அளவுச் சாப்பாடு கொடுத்து, பதினாலு நாள் எட்டரை மணி நேரமும், இன்னொரு பதினாலு நாள் ஐந்தரை மணி நேரமும் படுக்க வைத்தார்கள். இரண்டு முறையும் எடை ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்தது. ஆனால் நன்றாகத் தூங்கியபோது கொழுப்பில் 1.4 கிலோ போனது, தூக்கம் குறைந்தபோது 0.6 கிலோ மட்டும். மீதியைத் தசை முதலானவற்றிலிருந்து உடம்பு கொடுத்தது. பசியும் கூடியது. ஆகவே நடக்க நேரம் வேண்டுமென்றால் தூக்கத்திலிருந்து எடுக்கக்கூடாது. தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கி பஸ்தானே ஏறுகிறீர்கள்? ஓவர்பிரிட்ஜ், ஸ்டாச்சு வழியாகப் பாளையம் வரை நடந்தால் அரை மணி நேரம். வாரம் ஐந்து நாள் காலையில் மட்டும் நடந்தாலே 150 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்சம் அதுதான். மழைக்காலத்தில் குடையோடு நடக்கவேண்டும், வேறு வழியில்லை.

இனி கணக்கு. ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்று வைப்பது வழக்கம். ஏழு மாதத்தில் 9 கிலோ என்றால் நாளொன்றுக்குச் சுமார் 330 கலோரி குறைத்திருக்கிறீர்கள். ஆரம்பத்தில் இறங்கியதில் தண்ணீரும் உண்டு என்பதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் குறைவாக இருக்கும். இப்போது கணக்கின் மறுபக்கத்தைப் பாருங்கள். எடை குறையக் குறைய உடம்பின் செலவும் குறைகிறது. குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 20 முதல் 30 கலோரி. உங்களுக்கு அது 180-லிருந்து 270. அதாவது 81 கிலோவில் எடையை இறக்கிய அதே சாப்பாடு 72 கிலோவில் ஏறக்குறைய வரவுக்கும் செலவுக்கும் சரியாகிவிட்டது. உடம்பில் கோளாறு எதுவும் இல்லாமலே இது நடக்கும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. கெவின் ஹால் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவர் குழுவினரும் 2016-இல் கணக்கிட்டுச் சொன்னது: குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் பசி நாளொன்றுக்கு 100 கலோரி அளவுக்கு ஏறுகிறது. செலவு குறைவதைவிட மூன்று நாலு மடங்கு. சாப்பாடு அதே சாப்பாடுதான் என்று நீங்கள் எழுதியதை நான் நம்புகிறேன். டயட்டீஷியனாக இருந்த காலத்தில் எத்தனையோ பேர் எதிரே உட்கார்ந்து இதையே சொன்னார்கள், ஒருவரும் பொய் சொல்லவில்லை. 1992-இல் நியூயார்க்கில், 1,200 கலோரிக்கு மேல் சாப்பிடுவதே இல்லை, ஆனாலும் இளைக்கவில்லை என்றவர்களை அளந்து பார்த்தபோது, சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். தட்டில் இருப்பதுதான் நமக்கு நினைவிருக்கும், தட்டுக்கு வராதது இருக்காது.

அப்படியானால் தட்டுக்கு வராதது எங்கே உள்ளே போகிறது? சாயங்கால ரயிலில் என்பது என் சந்தேகம். லேடீஸ் கம்பார்ட்மென்டில் யாராவது ஒருத்தி ஏத்தங்காய் சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்துவிட்டால் அது நெய்யாற்றின்கரை வருவதற்குள் எல்லார் மடிக்கும் ஒரு சுற்று போய் வந்துவிடும். எண்ணெய் ஊறிய காகிதம், மேலே மஞ்சள்தூளும் உப்பும். எண்ணித் தின்கிறவர் யார்? 20 கிராம், அதாவது ஒரு கைப்பிடி, சுமார் 100 கலோரி. மேலே சொன்ன கணக்கில் உங்களிடம் மிச்சம் இருந்ததே அவ்வளவுதான்.

சிப்ஸைத் தொடாதீர்கள் என்று சொல்லப் போவதில்லை. மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு ராத்திரி எட்டரை வரை வெறும் சாயாவோடு இருக்கும் மனுஷியிடம் அதைச் சொல்வது அநியாயம். ஆபீசை விட்டுக் கிளம்பும் முன் எதையாவது சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். இரண்டு அவித்த முட்டை, அல்லது காலையில் டப்பாவில் போட்டு வந்த சிறுபயறு. அதற்குப் பிறகு பொட்டலம் வந்தால் இரண்டு எடுத்துக்கொண்டு அடுத்தவரிடம் கொடுக்க முடியும்.

புரதத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். நம் பக்கத்துப் பெண்கள் சாளை மீன்கறி வைத்தால் துண்டெல்லாம் வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும், தங்களுக்குச் சட்டியை வழித்த சாறு. அந்தச் சாற்றில் இருப்பது அரைத்த தேங்காய். 100 கிராம் தேங்காயில் 350 கலோரி, புரதம் மூன்று கிராம். அதே எடை சாளையில் புரதம் 20 கிராம் பக்கம். உங்கள் டப்பாவில் மூன்று துண்டு போட்டுவிட்டு அப்புறம் மற்றவர்களுக்கு எடுத்து வையுங்கள். தசை கரையாமல் இருக்க அது வேண்டும், கூடவே வாரம் இரண்டு நாள் கொஞ்சம் உழைப்பும் வேண்டும். அரிசி வேகும் நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவது, சுவரைத் தள்ளுவது. பத்து நிமிடம் போதும்.

மரச்சீனியை, அதாவது மரவள்ளிக் கிழங்கை, காய்கறிக் கணக்கில் எழுதுகிறீர்களா? அவித்த மரச்சீனி சோற்றைவிட ஒன்றும் இலேசானதில்லை, அதுவும் தேங்காய் அரைத்துப் போட்டு மசித்து மயக்கினால் கேட்கவே வேண்டாம். அன்றைக்குச் சோறு வேண்டாம்.

கீட்டோவுக்கு நான் இல்லை. ரயிலைப் பிடிக்க ஓடுகிறவருக்கு இரண்டு வாரம் தாங்கும், முதலில் இறங்குவதும் தண்ணீர். தைராய்டை இதுவரை பார்த்ததே இல்லை என்றால் ஒருமுறை டி.எஸ்.எச். என்ற ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். ஏழு மாதம் ஒழுங்காக இறங்கிய எடை நின்றதற்கு அது காரணமாக இருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை. மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களென்றால், முக்கியமாகச் சர்க்கரை மாத்திரை, சாப்பாட்டில் கைவைக்கும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இதையெல்லாம் இப்போது செய்ய முடியாது, ஆபீசில் வருடக் கணக்கு முடிக்கும் மாதம் என்றால் 72-ஐ அப்படியே வைத்திருங்கள். ஏறவிடாமல் நிற்பதும் வேலைதான். 11 சதவீதம் குறைத்திருக்கிறீர்கள். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு உங்களைப் போல எல்லைக்கோட்டில் இருந்தவர்களை மூன்று வருடம் கவனித்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், சாப்பாட்டையும் நடையையும் ஒழுங்கு செய்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்கள் எடை பெரிதாக மாறவே இல்லை. தராசோடு இடுப்புக்கும் டேப் வையுங்கள். நம் ஊர்ப் பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எல்லை.

தேங்காய் எண்ணெய். அடியோடு நிறுத்தினால் பத்தாம் நாள் வீட்டில் சண்டை வரும், நீங்களும் துவரனை, அதாவது தேங்காய் போட்ட பொரியலை, தொடமாட்டீர்கள். வேறு எண்ணெய்க்கு மாறினாலும் கலோரி அதேதான். மாதம் எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள் என்று பில்லைப் பாருங்கள். நாலு பேர் வீட்டுக்கு நாலு லிட்டர் என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு 30 கிராம், சுமார் 275 கலோரி. மூன்று லிட்டர் வாங்கி அதற்குள் ஓட்டினால் ஆளுக்கு எழுபது குறையும், துவரனில் தாளிதமும் இருக்கும்.

அன்புடன்,
அக்கா