வெந்நீர் டேங்குக்கு மாதம் ஒரு சிலிண்டர்

கேள்வி: ஆயிரம் விளக்குப் பகுதியில், கிரீம்ஸ் சாலையை ஒட்டி, எட்டு அறைகள் கொண்ட தங்கும் விடுதி ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து நடத்தி வருகிறேன். சிகிச்சைக்காக வெளிமாநிலங்களிலிருந்து வரும் நோயாளிகளும் அவர்களுடன் வருபவர்களும்தான் இங்கே தங்குகிறார்கள். கட்டட உரிமையாளர் பொருத்திக் கொடுத்த 189 லிட்டர் கேஸ் வெந்நீர் டேங்க் உள்ளது. பர்னரைப் பற்றவைக்கும் அதன் சிறிய பைலட் சுடர் இரவும் பகலும் எரியும். யாரும் குறை சொல்லக் கூடாது என்று வெப்பநிலையை 70 டிகிரியில் வைத்திருக்கிறேன். அறைகள் நிறைந்திருக்கும் மாதத்தில் 19 கிலோ வணிக சிலிண்டர் மூன்று தீர்கிறது. ஒன்றின் விலை ஏறக்குறைய 1,900 ரூபாய். பாதி அறைகள் காலியாக இருந்த மாதத்திலும் இரண்டு சிலிண்டர் தீர்ந்துவிட்டது. விற்பனையாளர் ஒருவர், 1,45,000 ரூபாய்க்குப் புதிய கேஸ் டேங்க் போட்டால் கேஸ் செலவு பாதியாகிவிடும் என்றும், 14 சதவீத வட்டியில் 36 மாதத் தவணைக்கு ஏற்பாடு செய்து தருவதாகவும் சொல்கிறார். என் குத்தகை முடிய இன்னும் 22 மாதங்கள் உள்ளன. தவணையில் வாங்கலாமா, வைப்பு நிதியை உடைத்து வாங்கலாமா? வாசகி, சென்னை.

பதில்: இரண்டும் வேண்டாம், அம்மா. ஏன் வேண்டாம் என்பதற்கான கணக்கு உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது; அதை விரித்துக் காட்டுவது மட்டுமே என் வேலை.

அறைகள் நிறைந்த மாதத்தில் மூன்று சிலிண்டர், பாதி நிறைந்த மாதத்தில் இரண்டு. குளிப்பவர்கள் பாதியாகக் குறைந்தபோது கேஸ் ஒரு சிலிண்டர் அளவுக்கு மட்டுமே குறைந்தது என்றால், முழு மாதத்தில் குளியலுக்காகச் செலவாவது இரண்டு சிலிண்டர். மீதமுள்ள ஒன்று, யார் குளித்தாலும் குளிக்காவிட்டாலும் எரிந்து தீர்கிறது. கடைக்கு வாடகை எப்படியோ அப்படித்தான் இது. வியாபாரம் நடக்காத நாளிலும் வாடகை ஓடுவதைப் போல, சூடாக்கிய தண்ணீர் டேங்கில் சும்மா நிற்கும்போதே அதன் சூடு வெளியே போய்க்கொண்டிருக்கிறது. அதை ஈடுகட்டப் பர்னர் அவ்வப்போது தானாகப் பற்றி எரிகிறது. வெந்நீர்ச் சாதனங்களைப் பற்றி எழுதுபவர்கள் இதை நிற்பு இழப்பு என்கிறார்கள். உங்கள் விடுதியில் அதன் விலை மாதம் ஏறக்குறைய 1,900 ரூபாய்.

இப்போது விற்பனையாளரின் கணக்குக்கு வருவோம். 1,45,000 ரூபாயை 14 சதவீத வட்டியில் 36 மாதங்களில் திருப்பினால் மாதத் தவணை சுமார் 4,950 ரூபாய். மொத்தத்தில் வட்டி மட்டும் 33,000 ரூபாயைத் தாண்டும். அவர் சொல்வதுபோல் கேஸ் செலவு உண்மையிலேயே பாதியாகக் குறைந்தாலும் உங்களுக்கு மிச்சமாவது மாதம் 2,850 ரூபாய்தான். அதாவது, அவருடைய வாக்கு முழுவதும் பலித்தாலும் மாதந்தோறும் 2,100 ரூபாய் கையிலிருந்து போகும். அதற்கும் மேலாக, குத்தகை 22 மாதங்களில் முடிகிறது, தவணையோ 36 மாதங்கள் ஓடும். குத்தகை நீட்டிக்கப்படாவிட்டால், வேறொருவர் கட்டடத்தில் நிற்கும் டேங்குக்கு நீங்கள் பதினான்கு மாதங்கள் பணம் கட்டிக்கொண்டிருப்பீர்கள். வைப்பு நிதியை உடைத்தால் தவணை வட்டி மிச்சமாகும் என்பது சரிதான்; ஆனால் அந்தத் தொகை ஈட்டிக்கொண்டிருந்த வட்டி நின்றுபோகும், முன்கூட்டியே உடைப்பதற்கான அபராதமும் சேரும், அவசரத்துக்கு வைத்திருந்த பணம் உரிமையாளரின் சொத்தாகவும் மாறிவிடும்.

ஆகவே, நாம் குறைக்க வேண்டியது அந்த ஒரு சிலிண்டரைத்தான். அது எந்த வழியாகப் போகிறது என்பது தெரிந்தால், எவ்வளவு செலவு செய்யலாம் என்பதும் தெரிந்துவிடும்.

சூடு வெளியேற நான்கு வழிகள் இருக்கின்றன. முதலாவது, டேங்கின் உடம்பு; வெளித்தகட்டுக்கும் உள்டேங்குக்கும் இடையில் சூட்டைத் தடுத்து நிறுத்தும் காப்பு மெலிதாக இருந்தால் சுற்றிலும் சூடு கசியும். இரண்டாவது, நடுவில் மேலே செல்லும் புகைக்குழாய். மின்சாரக் கீசருக்கு இல்லாத இழப்பு இது. பர்னர் அணைந்திருக்கும்போதும் அந்தக் குழாய் வழியாகக் காற்று ஏறிக்கொண்டே இருக்கும். சுற்றியுள்ள வெந்நீரின் சூட்டை அது தன்னோடு எடுத்துச் சென்றுவிடும். மூன்றாவது, டேங்கிலிருந்து கிளம்பும் குழாய்கள். யாரும் தண்ணீர் திறக்காத பிற்பகல் வேளையில் வெந்நீர்க் குழாயை ஒரு முழம் தள்ளித் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத அளவுக்குச் சுடும். உள்ளே வெந்நீர் மெல்ல மேலேறி, ஆறி, இறங்கிக்கொண்டிருப்பதுதான் காரணம். நான்காவது, பைலட் சுடர். பொதுவாக இத்தகைய சுடர் 150 வாட் அளவுக்கு வெப்பம் தரும்; அதற்கு மாதத்தில் எட்டுக் கிலோ கேஸ் வரை வேண்டும். அந்தச் சூட்டில் ஒரு பகுதி தண்ணீருக்குள்ளேயே சேர்வதால் அதை முழு நஷ்டமாக எழுத முடியாது.

பணம் எதுவும் செலவழிப்பதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு மாதக் கணக்கிலிருந்து நான் சொன்னது ஓர் ஊகம். தராசு சொல்வது கணக்கு. தெரிந்த அரிசிக் கடையிலிருந்து எடைத் தராசு ஒன்றை இரவல் வாங்கி, சிலிண்டரை அதன் மேலேயே நேராக, ரப்பர் குழாய் இழுபடாமல் நிறுத்தி வையுங்கள். இரவு பதினொரு மணிக்கு, தண்ணீர் பிடிப்பவர்கள் எல்லோரும் ஓய்ந்து, பர்னரும் ஒருமுறை எரிந்து அணைந்த பிறகு, எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். காலை ஐந்து மணிக்கு, முதல் குழாயைத் திறப்பதற்கு முன் மறுபடி குறியுங்கள். என் கணக்குப்படி ஆறு மணி நேரத்தில் 150 கிராமை ஒட்டிக் குறைந்திருக்க வேண்டும். இடையில் பர்னர் எத்தனை முறை பற்றியது என்பதைப் பொறுத்து ஓர் இரவுக்கும் மறு இரவுக்கும் வேறுபாடு இருக்கும்; எனவே மூன்று இரவுகள் எடுத்துச் சராசரி பாருங்கள். அதைவிட மிகவும் கூடுதலாகக் குறைந்தால் சோப்பு நீர் தடவி இணைப்புகளில் கசிவு இருக்கிறதா என்று உடனே பார்க்கச் சொல்லுங்கள். அது சேமிப்பைப் பற்றிய விஷயம் அல்ல, உயிரைப் பற்றியது.

பிறகு வெப்பநிலைக்கு வாருங்கள். இழப்பு என்பது தண்ணீரின் சூட்டுக்கும் அறையின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. சென்னையில் அறை 30 டிகிரி என்று கொண்டால், 70 டிகிரித் தண்ணீருக்கு வித்தியாசம் 40. 60 டிகிரிக்கு 30. ஒரு பைசாகூடச் செலவில்லாமல் இழப்பில் கால் பங்கு குறைகிறது. மாதம் ஏறக்குறைய 450 ரூபாய். அமெரிக்க எரிசக்தித் துறை வீடுகளுக்கு 49 டிகிரி போதும் என்கிறது, அதைப் படித்துவிட்டு நம் ஊரிலும் சிலர் அப்படியே சொல்கிறார்கள். உங்கள் விடுதிக்கு அதை நான் சொல்லமாட்டேன். லெஜியோனெல்லா என்ற நுரையீரல் தொற்றுக் கிருமி 25 முதல் 45 டிகிரி வரையுள்ள தண்ணீரில் பெருகக்கூடியது. அதனால் தேக்கிவைக்கும் வெந்நீர் 60 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். உங்களிடம் தங்குபவர்களில் சிறுநீரக மாற்று அறுவை செய்தவர்களும் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களும் இருப்பார்கள். அவர்களுடைய எதிர்ப்புச் சக்தியைப் பணயம் வைத்து மாதம் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க வேண்டாம். 60 டிகிரியிலேயே நிறுத்துங்கள். டேங்கின் வெப்பநிலைத் திருகி காட்டும் டிகிரியை நம்பாமல் குழாயில் வரும் தண்ணீரில் வெப்பமானியை வைத்துப் பாருங்கள். 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளில் தோலைச் சுடும் என்பதால், வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர் என்று ஒவ்வொரு குளியலறையிலும் வங்காளத்திலும் இந்தியிலும் எழுதி ஒட்டுங்கள்.

அடுத்தது காப்பு. ஏ.சி. மெக்கானிக்குகள் செம்புக் குழாய்மேல் சுற்றுகிற கருப்பு ரப்பர் நுரைக் குழல் பாரிமுனைக் கடைகளில் கிடைக்கும். டேங்கிலிருந்து வரும் வெந்நீர்க் குழாயில் முதல் இரண்டு மீட்டருக்கும், குளிர்நீர்க் குழாயில் முதல் ஒரு மீட்டருக்கும் அதைப் போடுங்கள். புகைக்குழாயிலிருந்து அது பதினைந்து சென்டிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். குழாயை மாற்றும் வேலை எப்போதாவது வந்தால், வெந்நீர்க் குழாயை டேங்கின் மேலேயே ஒரு வளைவு இறக்கி ஏற்றச் சொல்லுங்கள். சூடு தானாக மேலேறுவதை அந்த வளைவு தடுக்கும். டேங்கின் பக்கவாட்டில் அலுமினியத் தாள் ஒட்டிய கண்ணாடிப் பஞ்சுப் போர்வை சுற்றலாம். ஆனால் மேற்பகுதி, அடிப்பகுதி, வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், பர்னருக்குக் காற்று போகும் துளைகள் ஆகியவற்றை ஒருபோதும் மூடக் கூடாது.

இதை அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் கணக்குப் பார்க்கச் சென்ற ஒரு விடுதியில், சிக்கனம் என்று எண்ணி டேங்கின் உச்சிவரை சாக்கு சுற்றியிருந்தார்கள். நீலமாக இருக்க வேண்டிய சுடர் மஞ்சளாக நாக்கு நீட்டி எரிந்தது, மேல்மூடியைச் சுற்றி வளையமாகக் கரி படிந்திருந்தது. அந்த அறைக்கு அடுத்த அறையில் ஒரு குடும்பம் தூங்கிக்கொண்டிருந்தது. அரைகுறையாக எரியும் கேஸ் கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும்; அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. புகைக்குழாயில் தகடு வைத்து அடைத்தால் சூடு மிச்சமாகும் என்று உள்ளூரில் யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். பர்னர் அணையும்போது தானாக மூடும் கருவி பொருத்திய டேங்குகள் உண்டு. அது தயாரிப்பாளர் பொருத்த வேண்டியது, நாம் வெட்டி வைப்பதல்ல.

ஆழ்துளைக் கிணற்று நீர் பயன்படுத்துகிறீர்கள் என்றால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை டேங்கின் அடிக்குழாயில் இரண்டு வாளித் தண்ணீரை வெளியேற்றுங்கள். அடியில் படியும் சுண்ணாம்பு, சுடருக்கும் தண்ணீருக்கும் நடுவில் சுவராக நின்றுவிடும். இரண்டு மூன்று நாள் ஒருவருமே தங்கவில்லை என்றால் பைலட்டையும் அணைத்துவிடுங்கள். திரும்பச் சூடாக்க அதிகக் கேஸ் பிடிக்கும் என்பது தவறான நம்பிக்கை. ஆறிய டேங்க் இழப்பதற்கு அதனிடம் சூடே இருக்காது. ஆட்கள் வருவதற்கு முன் 60 டிகிரிக்கு ஏற்றி, எல்லாக் குழாய்களிலும் சிறிது நேரம் வெந்நீரை ஓடவிட்ட பிறகே அறையைக் கொடுங்கள்.

செலவைக் குறைக்க வீட்டுச் சிலிண்டரைப் பயன்படுத்தலாம் என்று யாராவது யோசனை சொன்னால் மறுத்துவிடுங்கள். தொழிலுக்கு அதைப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம்.

போர்வை, குழாய்க் காப்பு, கூலி எல்லாம் சேர்ந்து 6,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வெப்பநிலையைக் குறைப்பதில் 450 ரூபாய், காப்பில் 350 ரூபாய் என்று அடக்கமாகவே கணக்கிட்டாலும் மாதம் 800 ரூபாய் மிச்சமாகும். எட்டாவது மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். குத்தகை முடியும்போது 11,000 ரூபாய்க்கு மேல் உங்கள் கையில் நிற்கும். அந்த 800 ரூபாயைத் தொடர் வைப்பில் தனியாகப் போட்டுவிடுங்கள், அன்றாடச் செலவில் கலந்தால் அது கண்ணுக்குத் தெரியாது.

குத்தகையைப் புதுப்பிக்கப் பேசும்போது இன்னொரு கேள்வி எழும். வெப்பப் பம்பு என்ற மின்சாதனம், சென்னை போன்ற சூடான ஊரில், தான் எடுக்கும் மின்சாரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு வெப்பத்தைத் தண்ணீருக்குத் தரும். மொட்டைமாடி உங்கள் பயன்பாட்டில் இருந்தால் சூரிய வெந்நீர்ச் சாதனமும் பொருந்தும். கேஸ் டேங்கை மாற்றுவதாக இருந்தால் அவற்றோடுதான் ஒப்பிட வேண்டும், இன்னொரு கேஸ் டேங்கோடு அல்ல. ஆனால் அந்த முதலீடு உரிமையாளருடையது. அவர் போட்டுத் தந்தால் வாடகையில் எவ்வளவு கூட்டலாம் என்று பேசுங்கள். நீங்களே போடுவதாக இருந்தால் குறைந்தது ஐந்து ஆண்டுக் குத்தகையைப் பதிவு செய்துகொண்ட பிறகு போடுங்கள். மூன்று இரவுகளின் எடைக் குறிப்பையும் அதுவரையிலான சிலிண்டர் ரசீதுகளையும் ஒரு நோட்டில் சேர்த்து வைத்திருங்கள். பேச்சுவார்த்தையில் அவர்முன் வைக்க அவை உதவும்.